பொய்ச் செவுள்

மணலி யார்டில் கன்டெய்னர் தூக்குகிறவன் நான்.
உள்ளே என்ன என்று கேட்கிற வழக்கமில்லை.
டைல்ஸ், பருத்தி, பிளாஸ்டிக் மணி,
ஒருமுறை மூவாயிரம் சக்கர நாற்காலி.
எடையை மட்டும் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.

அன்றைக்கு கஸ்டம்ஸ்காரர்கள் சீல் உடைத்த பெட்டியில்
கயிறு கட்டி நின்றது அது.
கத்தரிப்பூ நிறம். ஸ்டியரிங் இடப்பக்கம்.
பன் ரொட்டிபோல் உப்பிய கார்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு
அதன் முகப்பு முடியவே மாட்டேன் என்றது.
நீளம், வேண்டாத நீளம்.
ஆள் உட்கார
போனால் போகிறதென்று
பின்னால் கொஞ்சம் விட்டிருந்தார்கள்.

"பாராகுடா" என்று எழுத்துக் கூட்டினார் ஏஜென்ட்.
"அப்படின்னா?"
"ஏதோ மீனாம்."
செல்போனில் படம் தேடிக் காட்டினார்.
சீலா.
காசிமேட்டில் பிறந்தவனுக்கு
சீலாவைப் படத்திலா காட்டுவது?

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.
அதே தாடை. கீழுதடு தூக்கிய அதே திமிர்.
முன்சக்கரத்துக்குப் பின்னால்
பக்கத்துக்கு நாலு கீறல்: செவுள்.
மீன் வாங்கப் போனால் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்போம்,
சிவப்பு இருக்கிறதா என்று.
யாரும் கவனிக்காதபோது விரலை விட்டேன்.
போகவில்லை. தகரத்தின் மேல் ஒட்டிய அலங்காரம்.
எதையும் மூச்சு விடாத செவுள்.

அந்தப் பொய் தெரிந்த நிமிஷம்தான்
பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.
இல்லை, அது மறுநாள்.

மறுநாள் புதுப்பேட்டை ஃபசுலுதீன் வந்தார்,
லாரி பேட்டரியும் ரெண்டு லிட்டர் பெட்ரோலுமாக.
ஓடுகிறதா, ஓடவில்லையா என்று
ஏதோ ஒரு படிவத்தில் எழுத வேண்டுமாம்.
இருமியது. இருமியது. நின்றது.
கார்புரேட்டர் வாயில் ஒரு மூடி ஊற்றி
"இப்போ" என்றார்.

எட்டு சிலிண்டர்.
லாஞ்சு டீசல் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன் நான்.
அது வேலைக்குப் போகிற சத்தம்.
இது எந்த வேலைக்கும் போகாது.
தரையில் கிடந்து, செருப்பு வழியாக ஏறி,
முழங்காலைக் கேட்காமல் இடுப்புக்கு வந்தது.
கேன்டீன் தட்டில் டம்ளர்கள் நடந்தன.
எடைமேடை திலகவதி எழுந்து வந்து
காதைப் பொத்துவதற்குப் பதில்
அதன் முதுகில் கையை வைத்தாள்.
நாற்பது நொடி இருக்குமா,
அணைத்துவிட்டார்கள்.
முதலில் பேச யாருக்கும் மனமில்லை.

"லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்" என்றார் ஃபசுலுதீன்,
சொந்தப் பிள்ளையின் சேட்டையைச் சொல்வதுபோல.
என் ஒருநாள் சம்பளத்துக்குக் கோவளம் வரை போகலாம்.
திரும்ப முடியாது.
திரும்பாவிட்டால் என்ன என்று
அன்றைக்கு முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

எழிலரசியிடம் சொன்னேன்.
"மீனு பேர்ல காரா? எத்தினி கிலோ?"
"ஆயிரத்து அறுநூறு."
"ஐஸ் வெச்சாங்களா?" என்றாள்.

வைக்கவில்லை.
காகிதத்தில் ஏதோ ஒரு வருடம் இடித்தது.
ஐந்து மாதம் உப்புக்காற்றில் நின்றது அது.
மதியச் சோற்றை அதன் நிழலில் தின்றேன்.
விளக்கின் ஓரத்தில் முதல் துரு வந்த நாள்
எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.
தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவியதும்.

பிறகு உத்தரவு வந்தது:
வந்த வழியே திருப்பி அனுப்பு.
பெட்டிக்குள் தள்ளினார்கள், சீல் வைத்தார்கள்.
என் முறை.
எடை கேட்காமல் நான் தூக்கியது
அந்த ஒரு பெட்டியைத்தான்.

இந்நேரம் எந்தக் கடலிலோ போய்க்கொண்டிருக்கும்,
இருட்டில், கயிறு கட்டி, பெட்ரோல் இல்லாமல்.
அடியில் நிஜ சீலாக்கள் போகும், வரும்.
அதுகளுக்கென்ன தெரியும்.

ஞாயிறு ஏலத்தில் கூடை இறங்கினால்
செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன்.
சிவப்பாகத்தான் இருக்கிறது.
எழிலரசி பேரம் பேசி ரெண்டு கிலோ வாங்குகிறாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.